பக்கம் பேசும் பாஸ்... கொஞ்சம் காது கொடுங்க!

ராத்திரி மணி 11. காலையில் 10 மணிக்கு புராஜெக்ட் ரிப்போர்ட்டை டிபார்ட்மென்ட்டில் வைத்தாக வேண்டும். 60 பக்கம். கைடு ஓ.கே. சொல்லியாச்சு. பைண்டிங் கடையிலும் சொல்லி வெச்சாச்சு. ஸ்டைலா பிரின்ட் கொடுக்கறீங்க. 'கர்ர்... கர்ர்...'னு முதல் பக்கம் வெளியே வருது. பார்த்தா, வரிக்குதிரை! ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை.

அடுத்து என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். மறுபடி பிரின்ட். அதே வரிக்குதிரை. மறுபடி பிரின்ட். அதுக்கு அண்ணன் வரிக்குதிரை. நாலாவது தடவை பிரின்டர் தலையில 'டொக்'னு ஒரு தட்டு. ஐந்தாவது தடவை, 'கார்ட்ரிட்ஜ் காலி... புதுசு வாங்கணும்'னு தீர்ப்பு!

இந்த வாரம் நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம்தான் ஃப்ரெண்ட்ஸ். பிரின்டருக்கு என்ன வியாதின்னு அதுவே ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிக் கொடுக்குது. நாமதான் படிக்காம பேப்பரைக் கசக்கி எறியறோம். அந்தக் கசங்கின பேப்பரைப் பிரிச்சுப் படிச்சா பாதி ரிப்பேர் முடிஞ்சது. மீதிப் பாதியில் பெரும்பகுதிக்குக் காசே வேண்டாம்!

கூரத்தில் ஒரு ராத்திரி

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம்னு ஒரு கிராமம். 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்தில் எழுந்த சிவன் கோயில் அங்கே இருக்கு. பல்லவர்கள் கல்லை அடுக்கிக் கட்டிய ஆரம்பகாலக் கோயில்களில் ஒண்ணு. அதைப் பார்க்கணும்னு போய், ராத்திரி நண்பன் வீட்டில் தங்கினேன்.

சாப்பிட்டு முடிச்சதும் நண்பனின் தங்கை தயங்கித் தயங்கி வந்தாள். பி.காம். மூன்றாம் வருஷம்.

"அண்ணா... உங்களுக்குப் பிரின்டர் பத்தித் தெரியுமா?"

கூடத்து மூலையில் ஒரு இங்க் டேங்க் பிரின்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கினது. பக்கத்தில் சுமார் நாற்பது பேப்பர், எல்லாம் வரிக்குதிரை. கறுப்பு இங்க் தீர்ந்திருக்கும்னு புது பாட்டில் வாங்கி ஊத்தியிருக்கிறாள். பலன் இல்லை. கடையில் கேட்டதுக்கு, "ஹெட் போயிடுச்சும்மா. அதை மாத்துறதுக்குப் புது பிரின்டரே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"நெல்லு போட்ட காசு வரட்டும், வாங்கிக்கலாம்னு அப்பா சொல்றாரு. ஆனா திங்கக்கிழமை சப்மிஷன்ணா..."

அன்று சனிக்கிழமை. நெல் விற்ற காசில் பிரின்டர்! எனக்குப் பக்கென்றது. விவசாயி வீட்டில் அந்தக் காசுக்கு ஏற்கெனவே பத்து செலவு வரிசையில் நிற்கும்.

"முதல்ல பிரின்ட் கொடுக்கறதை நிறுத்தும்மா"ன்னு சொன்னேன்.

எழுத்தாணியை நிறுத்தியவர் ஊர்

அப்படிச் சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்தது. காரணம், அந்த ஊருக்கும் 'நிறுத்து' என்ற வார்த்தைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு.

ராமானுஜரின் முதன்மைச் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இந்தக் கூரம்தான். ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல, உட்கார்ந்து எழுதியவர் அவர். வைணவப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி இது: 'நான் சொல்வது உனக்குச் சரியென்று படாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடு' என்று குருவே அவரிடம் சொல்லி வைத்திருந்தார். ஓர் இடத்தில் ஆழ்வானுக்கு உடன்பாடு இல்லை. எழுத்தாணி நின்றுவிட்டது. குருவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஆழ்வான் எழுதவில்லை. பிறகு குரு யோசித்துப் பார்த்து, ஆழ்வான் நினைத்ததே சரி என்று ஏற்றுக்கொண்டார்.

தப்பு தெரிந்ததும் கையை நிறுத்து. ஏன் தப்புன்னு யோசி. அப்புறம் அடுத்த எழுத்து. பிரின்டர் ரிப்பேருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை. ஐந்து தடவை அதே பட்டனை அமுக்குவதால் ஐந்து பேப்பர் வீணாகுமே தவிர, ஆறாவது பேப்பர் நல்லா வராது!

குற்றவாளி யார்? முதல் விசாரணை

பிரச்னை பிரின்டரிலா, கம்ப்யூட்டரிலா, ஃபைலிலா? முதலில் இதைப் பிரிக்கணும்.

கம்ப்யூட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிரின்டரை மட்டும் தனியாக ஒரு டெஸ்ட் பக்கம் எடுக்கச் சொல்லுங்க. கிட்டத்தட்ட எல்லா பிரின்டரிலும் இதற்கு வழி இருக்கு. சிலவற்றில் ஒரு பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடிக்கணும், சிலவற்றில் மெனுவில் இருக்கும். உங்க மாடலின் கையேட்டில் பார்த்துக்கலாம்.

டெஸ்ட் பக்கம் பளிச்சுன்னு வந்தால், பிரின்டர் நிரபராதி! தப்பு ஃபைலில் அல்லது செட்டிங்கில். பெரும்பாலும் யாரோ 'டிராஃப்ட்' மோடையோ, 'டோனர் சேவ்' மோடையோ போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். பிரின்ட் பிராப்பர்ட்டீஸில் போய் 'நார்மல்' என்று மாற்றினால் கதை முடிஞ்சது. பேப்பர் வகை 'பிளெயின் பேப்பர்' என்றுதான் இருக்கான்னும் பாருங்க. சாதா பேப்பரை வைத்துவிட்டு போட்டோ பேப்பர்னு செலக்ட் பண்ணினா, இங்க் அதிகமாக இறங்கி எழுத்து ஊறிப்போகும்.

டெஸ்ட் பக்கமும் மோசமாக வந்தால்தான் பிரின்டரைத் திறக்கணும். கூரத்து பிரின்டரில் டெஸ்ட் பக்கமும் வரிக்குதிரையேதான்.

இங்க்ஜெட்: மூச்சு அடைச்ச மூக்கு

இங்க்ஜெட் பிரின்டரின் ஹெட்டில் நூற்றுக்கணக்கான நுண்ணிய துளைகள் இருக்கு. பேரு நாசில். நம்ம தலைமுடியின் தடிமனைவிடச் சின்னது. அதிலிருந்து தெறிக்கும் ஒவ்வொரு சொட்டும் சில பிகோலிட்டர்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர்! இவ்வளவு சின்னத் துளையில் கொஞ்சம் இங்க் காய்ந்தால் போதும், அடைப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது? 'நாசில் செக்' என்று ஒரு டெஸ்ட் இருக்கு. ஒவ்வொரு கலருக்கும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடு அடித்துக் காட்டும். படி எங்கே காணாமல் போயிருக்கோ, அந்தக் கலரில் அந்த நாசில் அடைப்பு. வியாதியின் முகவரியே கைக்கு வந்துடும்!

பக்கம் சொல்லும் மற்ற சேதிகளையும் பாருங்க:

• பேப்பரின் குறுக்கே சீரான இடைவெளியில் வெள்ளைக் கோடு என்றால் நாசில் அடைப்பு.

• எழுத்து இரட்டையாக, நிழல் விழுந்த மாதிரி தெரிந்தால், நேர்கோடு வளைஞ்சு நெளிஞ்சு வந்தால், ஹெட் அலைன்மென்ட் விலகியிருக்கு. மெனுவில் 'அலைன்' கொடுத்தால் போதும்.

• ஊதா வரவேண்டிய இடம் சிவப்பாக வந்தால் நீலக் குடும்பத்து 'சியான்' இறங்கவில்லை. டேங்க்கில் இங்க் இருக்கா, நாசில் திறந்திருக்கா, இரண்டையும் பாருங்க.

• பேப்பரின் ஓரத்தில் மை தீற்றல் இருந்தால், உள்ளே ரோலரில் மை ஒட்டியிருக்கு. அல்லது பேப்பர் வளைந்து ஹெட்டில் உரசுது.

கூரத்து பிரின்டரில் நாசில் செக் எடுத்தோம். மற்ற மூன்று கலரும் ஓரளவு சரி. கறுப்பில் பாதிப் படிகள் காணோம். "இங்க் இருக்கே, அப்புறம் எப்படிம்மா காய்ஞ்சுது? எத்தனை நாளா பிரின்ட் எடுக்கல?"

அப்போது உள்ளேயிருந்து அம்மா வந்தார். "அன்னிக்கு பாதி அடிச்சிக்கினு இருக்கும்போதே கரன்ட் பூடுச்சுப்பா. மறுபடி வந்தா ஜாஸ்தி கரன்ட் வந்து மிஷினு எரிஞ்சுடப் போவுதேன்னு நான்தான் சுவிட்ச ஆஃப் பண்ணேன். அப்பாலிக்கு பத்து நாளு யாரும் தொடலை."

குற்றவாளி கிடைத்துவிட்டார்... அம்மா இல்லீங்க, கரன்ட் கட்!

விஷயம் இதுதான். வேலை முடிந்ததும் ஹெட் தானாகவே ஓரத்துக்குப் போய் நிற்கும். அங்கே ஒரு ரப்பர் மூடி ஹெட்டை அடியிலிருந்து மூடி, இங்க் காயாமல் பார்த்துக்கும். பேனாவுக்கு மூடி மாதிரி. பிரின்ட் ஓடும்போதே கரன்ட் போனால் ஹெட் நடுவழியில் நின்றுவிடும். மூடி இல்லை. பத்து நாள் திறந்து கிடந்த பேனா எழுதுமா?

அதனால் இரண்டு பழக்கம். ஒன்று, கரன்ட் வந்ததும் பிரின்டரை ஒரு தடவை ஆன் செய்து, ஹெட் ஓரத்துக்குப் போன பிறகு ஆஃப் செய்யுங்க. இரண்டு, எப்போதும் முதலில் பிரின்டரிலுள்ள பவர் பட்டனில் ஆஃப், விளக்கு அணைந்த பிறகுதான் சுவர் சுவிட்ச். இடி, மின்னலுக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்குவது தப்பே இல்லை. வரிசைதான் முக்கியம்.

கிளீனிங்... அளவோடு!

'ஹெட் கிளீனிங்' பட்டன் இருக்கேன்னு விடாமல் பத்து தடவை அமுக்கும் பார்ட்டிகள் உண்டு. ஆபத்து! ஒவ்வொரு கிளீனிங்கிலும் பிரின்டர் நாசில் வழியாக இங்க்கை உறிஞ்சி வெளியே தள்ளுது. அந்த இங்க் எங்கே போகுது? அடியில் இருக்கும் பஞ்சு மாதிரி ஒரு பேடுக்கு. அது நிரம்பிவிட்டதாகக் கணக்கு வந்தால், 'சர்வீஸுக்குக் கொண்டு போ'ன்னு சொல்லி பிரின்டர் வேலைநிறுத்தம் செய்துவிடும். அதாவது இங்க்கும் காலி, பிரின்டரும் காலி.

சரியான முறை இது: ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். முன்னேற்றம் இருந்தால் இன்னொன்று. இரண்டு மூன்று தடவையில் சரியாகாவிட்டால் நிறுத்திவிட்டு, பிரின்டரை பட்டனில் ஆஃப் செய்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்க. காய்ந்த இங்க் ஊறி இளகும். காலையில் மறுபடி ஒரு தடவை.

ஹெட்டில் குண்டூசி, ஊதுபத்திக் குச்சி, கொதிக்கிற வெந்நீர் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். கார்ட்ரிட்ஜோடு ஹெட் சேர்ந்தே வரும் மாடல் என்றால் மட்டும், நூல் பிரியாத துணியை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து, ஹெட் மேலே மெதுவாக ஒற்றி எடுக்கலாம்.

நாங்கள் இரண்டு கிளீனிங் செய்தோம். பாதியாக இருந்தது முக்கால் ஆனது. தங்கை முகத்திலும் முக்கால் சிரிப்பு. "இன்னொண்ணு அமுக்கட்டாண்ணா?" என்றாள். "படுத்துத் தூங்கும்மா. அதுவும் தூங்கட்டும்."

லேசர்: ஸ்கேல் எடுங்க!

தூக்கம் வரும்வரை நாம் லேசர் பக்கம் போய் வருவோம். காலேஜ் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை எல்லாம் அவர் ராஜ்ஜியம்தானே!

லேசர் பிரின்டரில் மை கிடையாது, டோனர் என்ற பொடிதான். டிரம் என்ற உருளையின் மேல் லேசர் ஒளி எழுத்தை வரையும். ஒளி பட்ட இடத்தில் பொடி ஒட்டும். அது பேப்பருக்கு இடம் மாறும். கடைசியில் ஃபியூசர் என்ற சூடான ரோலர் பொடியை உருக்கி, பேப்பரோடு இஸ்திரி போட்டுவிடும். மின்சாரத்தால் பொடியை ஒட்டவைக்கும் இந்த வித்தையை அமெரிக்காவின் செஸ்டர் கார்ல்சன் முதன்முதலில் செய்து காட்டியது 1938 அக்டோபர் 22-ல். ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேசர் பிரின்டருக்கும் அதுதான் கொள்ளுத்தாத்தா!

இதில் பக்கம் பேசும் பாஷை வேறு:

• முழுப் பக்கமும் மங்கல், அல்லது நடுவில் ஒரு பட்டை மட்டும் மங்கல்: டோனர் குறையுது, அல்லது ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கு. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, கிடைமட்டமாகப் பிடித்து, ஐந்தாறு தடவை மெதுவாக இடமும் வலமும் ஆட்டி மறுபடி போடுங்க. இன்னும் கொஞ்சம் பக்கம் ஓடும். அவசரத்துக்கு அது போதும்.

• மேலிருந்து கீழாக நேரான கறுப்புக் கோடு: டிரம்மில் கீறல், அல்லது டிரம்மைத் துடைக்கும் பிளேடு தேய்ந்திருக்கு. இதற்கு டிரம்மையோ கார்ட்ரிட்ஜையோ மாற்றத்தான் வேணும்.

• கையால் தேய்த்தால் எழுத்து உதிருது: ஃபியூசர் சூடு போதவில்லை, அல்லது தடிமனான பேப்பருக்கு சாதா பேப்பர் செட்டிங், அல்லது பேப்பர் ஈரம். முதலில் புது பேப்பரை வைத்துப் பாருங்க.

• பக்கம் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி: டிரம் வயசாகிவிட்டது, அல்லது ரீஃபில் செய்தவர் பொருந்தாத பொடியைப் போட்டிருக்கார்.

• ஒரே புள்ளி பக்கத்தில் திரும்பத் திரும்ப வருது: இதுதான் சூப்பர் கேஸ். ஸ்கேல் எடுங்க! ஏதோ ஒரு உருளையில் ஒரு இடத்தில் காயம். அந்த உருளை ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அதே புள்ளியைப் பதிக்குது. புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் அந்த உருளையின் சுற்றளவு. பத்தாங்கிளாஸ் கணக்கு: சுற்றளவு = 3.14 x விட்டம். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் சுமார் 75 மி.மீ.க்கு ஒரு புள்ளி. 30 மி.மீ. என்றால் 94. ஏ4 பேப்பரின் நீளம் 297 மி.மீ. அப்படியானால் 24 மி.மீ. டிரம் ஒரு பக்கத்துக்குள் கிட்டத்தட்ட நாலு சுற்று சுற்றிவிடும். பை-யின் மதிப்பு எதுக்கு உதவும்னு ஸ்கூலில் கேட்டோமே... இதுக்குத்தான் மச்சி!

எந்த உருளை எத்தனை மி.மீ. என்ற பட்டியல் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டிரம் அளவோடு பொருந்தினால் கார்ட்ரிட்ஜ் விவகாரம். பொருந்தவில்லை என்றால் கார்ட்ரிட்ஜை மாற்றுவது தண்டச் செலவு.

இன்னொரு ரகசியம்... பிரின்ட் நல்லா வருது, ஜெராக்ஸ் எடுத்தால் மட்டும் கோடு விழுது. அதுவும் மேலே பேப்பரைச் சொருகி எடுக்கும்போது மட்டும். அப்போது பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு குறுகலான கண்ணாடிப் பட்டை இருக்கும், பாருங்க. அதில் ஒரு துளி ஒயிட்னரோ பசையோ ஒட்டியிருக்கும். மெல்லிய துணியால் துடைச்சா கோடு காலி. இதற்காக டோனர் மாற்றிய ஆபீஸ்கள் உண்டு!

ஜாக்கிரதைக்கு நாலு வார்த்தை: டிரம்மைக் கையால் தொடாதீங்க, வெயிலில் வைக்காதீங்க. டோனர் பொடி கொட்டினால் வாயால் ஊதாதீங்க. ஈரத்துணியால் துடைங்க, கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்க. வெந்நீர் பொடியை இளக வைத்து ஒட்டவிடும். பிரின்ட் ஓடி முடிச்ச கையோடு ஃபியூசர் பக்கம் விரலைவிட்டால் சுட்டுடும்.

பேப்பரும் பேசும்

மெஷினை மட்டும் திட்டிக்கிட்டே இருக்கோமே, பேப்பரைப் பார்த்தோமா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரிச்சு வெச்ச பேப்பர் கட்டு காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் குடிச்சுடும். இங்க்ஜெட்டில் எழுத்து ஊறும். லேசரில் மங்கும், பேப்பர் சுருளும், சிக்கும். பிரிச்ச கட்டை பிளாஸ்டிக் கவரில் சுத்தி அலமாரியில் வையுங்க. தேவைக்கு மட்டும் டிரேயில் போடுங்க.

பேப்பருக்கு எந்தப் பக்கம் முதலில் அடிக்கணும்னும் ஒரு கணக்கு உண்டு. பல கட்டுகளின் உறையில் அதற்கு அம்புக்குறி இருக்கும். கரும்புச் சக்கையிலிருந்து பேப்பர் செய்யும் நம்ம கரூர் காகிதபுரம் ஆலையின் கட்டாக இருந்தாலும் சரி, வெளியூர்க் கட்டாக இருந்தாலும் சரி, உறையைக் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துடுங்க.

பிரின்டர் பாவம், ஃபைல் சரியில்லை!

வீட்டில் அழகாக டைப் பண்ணின தமிழ், கடையில் போய்த் திறந்தால் 'அபுசுபு'ன்னு ஆங்கில எழுத்தாக நிற்கும். பழைய பாமினி, வானவில் வகை ஃபான்ட்டில் அடித்த ஃபைல்களுக்கு வரும் வியாதி. அந்த ஃபான்ட் கடைக் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். யூனிகோடில் அடிங்க. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றாச்சு. அப்புறம், வேர்டு ஃபைலாகக் கொண்டு போகாமல் பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டு போங்க. எழுத்து, பக்க எண், டேபிள் எதுவும் இடம் மாறாது. அப்படியும் சில எழுத்து உடைந்தால், பி.டி.எஃப். பிரின்ட் செய்யும் இடத்தில் 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்க.

படம் மங்கலா? ஃபோனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச்சேரும். டாக்குமென்டாக அனுப்புங்க. கணக்கு சிம்பிள்: பேப்பரில் ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி இருந்தால் பளிச். 6 இன்ச் அகலப் படத்துக்கு 1,800 பிக்சல் வேணும். 400 பிக்சல் படத்தை இழுத்துப் பெருசாக்கினால் உலகத்திலேயே காஸ்ட்லியான பிரின்டரும் கைவிரிக்கும்.

ஹால் டிக்கெட்டுக்கு இது ரொம்ப முக்கியம். உங்க முகமும் பார்கோடும் கறுப்புத் திட்டாக வந்தால், தேர்வு மைய வாசலில் விளக்கம் சொல்லிக்கிட்டு நிற்கப்போவது பிரின்டர் இல்லை, நீங்கதான். அதனால் கடைசி நாள் ராத்திரிக்கு வைக்காதீங்க. இரண்டு நாள் முன்னாடியே எடுத்து, கண்ணால் பார்த்து, மடிச்சு வையுங்க.

ரீஃபில் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா தெரிஞ்சு பண்ணணும். டப்பாவில் '2,000 பக்கம் வரும்'னு போட்டிருப்பது, பக்கத்தில் சுமார் 5 சதவிகித இடத்தில் மட்டும் எழுத்து இருக்கும் என்ற கணக்கில். பக்கம் முழுக்க கலர் கலராக கிராஃப் போட்டால் அந்தக் கணக்கு செல்லாது. புது பிரின்டரோடு வரும் கார்ட்ரிட்ஜிலும் பல சமயம் டோனர் குறைவாகத்தான் இருக்கும். ஆக, 'சீக்கிரம் தீர்ந்துடுச்சு, மெஷின் மோசம்'னு முடிவு கட்டாதீங்க.

ரீஃபில் பிடிக்காத கம்பெனிகள் கார்ட்ரிட்ஜில் சிப் வைக்கின்றன. சண்டை கோர்ட் வரைக்கும் போயிருக்கு. லெக்ஸ்மார்க் கம்பெனி தொடுத்த வழக்கில், 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்ற பிறகு காப்புரிமையைக் காட்டி அதை வாங்கியவரைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னது. ஆனால் சிப் விவகாரம் இன்னும் ஓயவில்லை. வாங்கும்போதே, 'இதற்கு ரீஃபில் ஆகுமா, பாட்டில் என்ன விலை'ன்னு கேட்டுடுங்க. பிரின்டர் விலையை மட்டும் பார்த்து வாங்குவது, வண்டி விலையைப் பார்த்துவிட்டு பெட்ரோல் விலையை மறந்த கதை.

ஞாயிறு காலை...

காலை ஆறு மணி. அம்மா காபி போடுவதற்குள் தங்கை நாசில் செக் எடுத்துவிட்டாள். நான் சொல்லவே இல்லை! ஒரே ஒரு கிளீனிங். அடுத்த பேப்பரில் கறுப்புப் படிக்கட்டு கீழே வரைக்கும் வந்து நின்றது. ஒரே ஒரு படியில் மட்டும் சின்ன உடைசல். அது எழுத்தில் தெரியவில்லை. பிரின்ட் குவாலிட்டியை 'ஹை' என்று வைத்து ஒரு பக்கம் எடுத்தாள். அவள் பெயரும், ரிஜிஸ்டர் நம்பரும், காலேஜ் பெயரும் கறுகறுவென்று வந்தன.

புது பாட்டில் காசும், நாற்பது பேப்பரும் போனது போனதுதான். நெல்லுக் காசு தப்பிச்சது.

"கடைக்காரர் ஏன்ணா அப்படிச் சொன்னாரு?"

"அவர் பொய் சொல்லலைம்மா. ஹெட்டில் பிரச்னைங்கறது சரிதான். ஆனா, நாசில் செக் எடுத்துப் பார்க்க அவர்கிட்ட பிரின்டரே போகலையே! நீ வாயால சொன்னதை வெச்சுச் சொன்னாரு. அடுத்த தடவை பக்கத்தைக் கையில் எடுத்துட்டுப் போ."

இதை நீங்களும் குறிச்சு வெச்சுக்குங்க. மெக்கானிக்கிடம் போகும்போது, மோசமாக வந்த பக்கத்தைக் கட்டாயம் கொண்டுபோங்க. எப்போதிருந்து, எந்தப் பேப்பர், டெஸ்ட் பக்கத்திலும் வருதா, எத்தனை கிளீனிங் ஆச்சு... நாலு வரி பென்சிலில் அதன் பின்பக்கமே எழுதிடுங்க. டாக்டரிடம் ரிப்போர்ட் கொண்டுபோற மாதிரி. நல்ல மெக்கானிக்குக்கு அது வேலையைச் சுலபமாக்கும். அவசரக்கார மெக்கானிக்கிடமிருந்து உங்க பர்ஸைக் காப்பாற்றும்.

ஊருக்குக் கிளம்பும் முன் கோயிலைப் பார்த்தேன். இந்தக் கோயிலுக்குக் கொடுத்த நிலம், நீர், மண்டபத்தில் பாரதம் வாசிக்கச் செய்த ஏற்பாடு எல்லாவற்றையும் பரமேஸ்வரவர்மன் செப்பேட்டில் வெட்டி வைத்திருக்கிறான். வடமொழியிலும் தமிழிலும் ஏழு ஏடுகள். 'கூரம் செப்பேடு' என்று சரித்திர புத்தகங்களில் படிச்சிருப்பீங்க. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேலான அந்த 'பிரின்ட்'டிலும் சில இடங்கள் சிதைந்து போயிருக்கு. ஏடுகள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் இருக்க, ஓரத்தைச் சற்று உயர்த்திவிடும் வழக்கம் பல செப்பேடுகளில் உண்டு. எழுத்தை எழுதுவது மட்டுமல்ல, அது தேயாமல் பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

நம்ம பிரின்டருக்கு அந்த ஓரம் என்ன தெரியுமா? வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் பிரின்ட். பட்டனில் ஆஃப். பேப்பருக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். மொத்தச் செலவு, ஒரு பேப்பர்!

திங்கள் மதியம் நண்பனின் ஃபோனிலிருந்து ஒரு படம் வந்தது. பைண்டிங் செய்த ரிப்போர்ட், கறுப்பு அட்டை, பொன் எழுத்து. கீழே ஒரே வரி: "அம்மா இப்ப பட்டன்லதான் ஆஃப் பண்றாங்கண்ணா!"

உங்க வீட்டு வரிக்குதிரையையும் கசக்கிப் போடாதீங்க. பிரிச்சுப் படிங்க. அடுத்த வாரம் வேற ஒரு மெஷினோட மல்லுக்கட்டுவோம்... வர்ட்டா!